கழுத்துக் கருமையைத் தேய்ப்பதற்கு முன்: சர்க்கரை ஏறும் முன்பே தோல் காட்டும் அடையாளங்கள்

கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் நம் வீடுகளில் அது முதலில் அழுக்காகத்தான் பார்க்கப்படுகிறது. பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது, கடலை மாவில் தயிர் குழைத்துப் பூசுவது, எலுமிச்சை மூடியால் உரசுவது, அதற்கும் மசியாவிட்டால் கடையில் விற்கும் சிவப்பழகு கிரீம் என எல்லாம் வரிசையாக நடக்கும். பள்ளி செல்லும் பிள்ளையாக இருந்தால் ஒழுங்காகக் குளிப்பதில்லை என்ற வசவும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கருமைக்குப் பெரும்பாலும் அழுக்கும் காரணமல்ல, வெயிலும் காரணமல்ல. இரத்தத்தில் இன்சுலின் தேவைக்கு மீறி ஓடிக்கொண்டிருப்பதற்கு வெளியே தெரியும் அடையாளம் அது. இரத்தச் சர்க்கரை உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சில வேளைகளில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே, அது தோன்றிவிடக்கூடும் என்பதால்தான் இதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மருத்துவத்தில் இதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். கழுத்தின் பின்புறமும் பக்கங்களும், அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, முழங்கை, விரல் முட்டி ஆகிய இடங்களில் இது வரும். அருகிலிருந்து பார்த்தால் சில தன்மைகள் தெளிவாகப் புலப்படும். நிறம் ஓரிடத்தில் சட்டென்று தொடங்கி முடியாமல் விளிம்புகளில் மெல்லக் கரைந்து போகும். தோலில் இயல்பாக உள்ள கோடுகள் ஆழமாகி, குறுக்கே வரிவரியாகத் தெரியும். விரலால் தடவினால் வெல்வெட் துணியைத் தொடுவது போன்ற மென்மையான தடிப்பு உணரப்படும். வலி இருக்காது, அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. அதனாலேயே இதைக் காட்டுவதற்கென்று யாரும் மருத்துவரிடம் போவதில்லை. போகிறவர்களும் அழகு கெடுகிறதே என்ற கவலையில்தான் போகிறார்கள். உண்மையிலேயே அழுக்குப் போன்ற செதில் படிந்து கறுத்திருக்கும் வேறொரு நிலையும் உண்டு. சோப்புக்குப் போகாத அந்தப் படிவு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். அகாந்தோசிஸ் எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உராய்வால் இன்னும் தடித்துக் கறுக்கவே செய்யும்.

நம் மக்களிடம் இது முகத்திலும் வருகிறது. நெற்றிப் பொட்டு, கன்ன எலும்பின் மேடு, நெற்றியின் ஓரங்கள் ஆகியவை மங்கலான பழுப்பு நிறத்தில் கறுத்திருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு அது நாம் வழக்கமாகச் சொல்லும் மங்கு அல்ல. மங்கு பெரும்பாலும் பெண்களுக்கு, கன்னத்தின் நடுப்பகுதியிலும் மூக்கின் மேலும் திட்டாக வரும், தோல் தடிக்காது. முக அகாந்தோசிஸ் ஆண்களுக்கும் சாதாரணமாக வரும். முகத்தின் ஓரங்களில் தொடங்கும். தோல் சற்றுச் சொரசொரத்திருக்கும். கழுத்தையும் அக்குளையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும். மங்குக்கென்று மாதக்கணக்கில் கிரீம் பூசிக்கொண்டிருப்பவரின் வயிற்றுச் சுற்றளவை ஒருவரும் அளந்து பார்த்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இன்சுலினுக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். கணையம் சுரக்கும் இன்சுலின்தான் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் உள்ளே அனுப்புகிறது. கல்லீரல் தேவையில்லாமல் குளுக்கோஸை வெளியே விடாமலும் பார்த்துக்கொள்கிறது. வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு சேரச் சேர இந்த உறுப்புகள் இன்சுலினின் கட்டளைக்கு முன்போல் பணிவதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. கணையம் அதற்கு விட்டுக்கொடுக்காமல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூடுதலாகச் சுரந்து சர்க்கரையை இயல்பான அளவிலேயே வைத்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் இன்சுலின் உடல் முழுவதும்தான் ஓடுகிறது. அளவு மிகும்போது அது செல்களில் தான் வந்து பொருந்தும் இடங்களான தனக்குரிய ஏற்பிகளோடு நில்லாமல், இன்சுலினைப் போன்ற வேறொரு வளர்ச்சிக் காரணிக்குரிய ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தோலின் மேலடுக்கிலுள்ள செல்களிலும் அடியிலுள்ள நார்த்திசுச் செல்களிலும் அந்த ஏற்பிகள் நிறைய உண்டு. சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் வேலையில் இன்சுலினுக்குப் பணியாத உடல், செல்லைப் பெருக்கும் வேலையில் மட்டும் அதற்குப் பணிந்துவிடுகிறது. செல்கள் பெருகி மேலடுக்கு மடிப்பு மடிப்பாகத் தடிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கருமையில் பெரும்பங்கு இந்தத் தடிப்பால் வருவதே தவிர, நிறமி கூடியதால் வருவதல்ல. நிறத்தை வெளுக்கச் செய்யும் கிரீம்கள் இங்கே தோற்பதற்கு அதுதான் காரணம்.

இந்தத் தொடர்பு மருத்துவ உலகுக்கே தாமதமாகத்தான் புரிந்தது. 1890-ல் பொலிட்சர், யானோவ்ஸ்கி என்ற தோல் மருத்துவர்கள் இருவர் தனித்தனியே இந்தத் தோல் மாற்றத்தை விவரித்தார்கள். அதன்பின் நெடுங்காலம் அது வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோயோடு சேர்த்தே பேசப்பட்டது. 1976-ல் ரொனால்ட் கான் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், எவ்வளவு இன்சுலின் இருந்தும் அதற்கு உடல் இசையாத சில நோயாளிகளிடம் இந்தக் கருமை இருப்பதை எடுத்துக்காட்டிய பிறகே இன்சுலின் எதிர்ப்பு முன்னுக்கு வந்தது. இன்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம், அறிகுறி ஏதும் இல்லாதவர்களில் யாருக்குச் சர்க்கரை பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், அதிக எடையோடு இந்தக் கருமையும் இருப்பதை ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பகுதிகளில், கண்பார்வையையும் காது கேட்கும் திறனையும் சோதிக்கும்போதே பிள்ளைகளின் கழுத்தையும் பார்க்கும் முறை 1990-களின் இறுதியில் பள்ளிகளுக்கு வந்தது. கருமை தெரிந்தால் எடையும் இரத்த அழுத்தமும் அளந்து பெற்றோருக்குக் கடிதம் போகும். நம் பள்ளி மருத்துவ முகாம்களிலும் இதைச் செய்யலாம். சட்டைக் காலரைச் சற்று விலக்கிப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. கடிதத்தின் சொற்களில் மட்டும் கவனம் வேண்டும். பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது என்று முத்திரை குத்துவதாக அது அமைந்துவிடக் கூடாது.

இந்தியர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்கு உடலமைப்பு ஒரு காரணம். புனேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்திருந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்திருக்கும் இந்த அமைப்பினால்தான் இந்தியர்களுக்கு அதிக எடை என்பது 23-லிருந்தும், உடற்பருமன் என்பது 25-லிருந்தும் கணக்கிடப்படுகிறது. வயிற்றுச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் வரம்பாக வைக்கப்பட்டுள்ளன. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பாலேயே இதை அளந்துவிடலாம். பேன்ட் அளவை வைத்துக் கணக்கிடுவது ஏமாற்றும், ஏனென்றால் நம்மில் பலர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் அணிகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடிப் பேர். கழுத்துக் கருமையால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்திலும், அதற்கும் முந்தைய படியிலும் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு தவறான நிம்மதி குறுக்கே வருகிறது. கருமையைக் கண்டு யாரோ சொல்லி, லேப்பில் வெறும் வயிற்றில் சர்க்கரை மட்டும் பார்த்து, 92 என்று வந்ததும் ஒன்றுமில்லை என்று அந்தத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். கணையம் ஈடுகொடுத்துக்கொண்டிருக்கும் வரை அந்த எண் இயல்பாகவே இருக்கும் என்பதை மேலே பார்த்தோம். ஈடுகொடுக்க முடியாமல் போகத் தொடங்கும்போதும் நம்மவர்களில் பலருக்கு முதலில் உயர்வது உணவுக்குப் பிந்தைய சர்க்கரைதான். ஆகவே 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை கூடுதலாகச் சொல்லும்: 140-க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோயின் எல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முந்தைய நிலை. இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகை இருந்தால் இந்த அளவு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இவற்றோடு கொழுப்புப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு 150-க்கு மேலும், நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழும் இருந்தால், சர்க்கரை எண் எதுவாக இருந்தாலும் இன்சுலின் எதிர்ப்பு வேலை செய்துகொண்டிருப்பதாகவே கொள்ளலாம். இன்சுலினையே நேரடியாக அளந்து பாருங்கள் என்று சில லேப்கள் பெரிய தொகைக்குப் பேக்கேஜ் விற்கின்றன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அந்த அளவு மாறுவதால் வழக்கமான பரிசோதனையாக அது பரிந்துரைக்கப்படுவதில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

கழுத்துக் கருமையோடு கூடவே வருவன தோலிலிருந்து சிறு காம்போடு தொங்கும் மருக்கள். கழுத்திலும் அக்குளிலும் கண்ணிமையிலும் தோலின் நிறத்திலோ பழுப்பாகவோ மென்மையாகத் தொங்கும் இவை, வைரஸால் வரும் சொரசொரப்பான மருக்கள் அல்ல. பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. ஒன்றிரண்டு இருப்பது வயதானால் யாருக்கும் வரக்கூடியதுதான். இளம் வயதிலேயே கழுத்தைச் சுற்றி நிறைய இருந்தால், அதிலும் அடியில் தோல் கறுத்தும் இருந்தால், அதே இன்சுலின் மிகுதியை அவையும் சுட்டுகின்றன. தலைமுடியால் இறுகக் கட்டி விழவைப்பது, சுண்ணாம்பு வைத்துப் பொசுக்குவது ஆகிய பழைய வழக்கங்களால் புண்ணாகித் தொற்று ஏற்படுவதுதான் மிச்சம். தோல் மருத்துவர் சில நிமிடங்களில் அவற்றை அகற்றிவிடுவார். இன்சுலின் அப்படியே இருந்தால் வேறிடத்தில் புதிதாக முளைக்கும்.

இளம்பெண்களில் இந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையையும் தூண்டி ஆண்மை ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளித்தள்ளிப் போவது, மேலுதட்டிலும் தாடையிலும் தடித்த முடி வளர்வது, இருபது வயதைத் தாண்டியும் தாடையோரத்தில் பருக்கள் அடங்காமல் இருப்பது, உச்சியில் முடி அடர்த்தி குறைவது ஆகியவை கழுத்துக் கருமையோடு சேர்ந்து நின்றால், வீட்டில் பிசிஓடி என்று சொல்லப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். முடிக்குப் பார்லர், பருவுக்கு ஒரு தோல் மருத்துவர், மாதவிலக்குக்கு ஒரு மகப்பேறு மருத்துவர் என்று பிரிந்து போய்விடும் இந்தக் கதையை ஒருவரே முழுதாகக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை; இவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

கறுப்பை விட்டு மஞ்சளுக்கு வருவோம். கண்ணிமையில் மூக்கை ஒட்டிய ஓரத்தில் தட்டையாகப் படியும் மஞ்சள் திட்டு கொலஸ்டிரால் படிவு. இது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தக் கொழுப்பு இயல்பாகவே இருக்கும் என்பதால், அழகு சம்பந்தப்பட்டது என்று ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 12,745 பேரை 1970-களின் பிற்பகுதியிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானபோது, இமையில் இந்தத் திட்டு இருந்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது தெரிந்தது. அவர்களுடைய கொலஸ்டிரால் அளவைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. கருவிழியைச் சுற்றி வரும் வெள்ளை வளையத்துக்கு அப்படித் தனித்த தொடர்பு அந்த ஆய்வில் காணப்படவில்லை. ஆக, இமைத் திட்டு உள்ளவர் கொழுப்பு அளவு இயல்பு என்ற தாளோடு திரும்பிவிடாமல், இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு ஆகியவற்றையும் மருத்துவரிடம் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்துக் கட்டிகட்டியாக இருப்பதும், கைவிரல் முட்டிகளின் மேல் தசைநாணோடு சேர்ந்து நகரும் முடிச்சுகளும் வேறு வகை. இது பரம்பரையாக வரும் கொலஸ்டிரால் மிகுதியின் அடையாளம். கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து எடுக்கும் ஏற்பி பழுதுபட்டிருப்பதால் வருவது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு வருவது அரிதே அல்ல. பல நாடுகளில் 250, 300 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பிள்ளைப் பருவத்திலேயே முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் மஞ்சள் கட்டிகள் தோன்றும். இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்புக் கூடுதல் என்பதால், குழந்தையின் முழங்கையில் மஞ்சள் கட்டி கண்டால் அதை அறுத்து எடுப்பதற்கு முன் கொலஸ்டிரால் பார்ப்பது கட்டாயம். இன்னொரு வகை, பிட்டத்திலும் தொடையிலும் முழங்கையிலும் சில வாரங்களுக்குள் கூட்டமாக வரும் சிவப்பு கலந்த மஞ்சள் பொரிகள். சூட்டுக் கொப்புளம் என்று நினைக்கத் தோன்றும். ட்ரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டிப் பல ஆயிரத்துக்குப் போயிருப்பதை அவை காட்டுகின்றன. கட்டுப்படாத சர்க்கரையும் மதுவும் சேர்ந்தவர்களிடம் அடிக்கடி காணலாம். கணைய அழற்சி எந்த நேரத்திலும் வரக்கூடிய நிலை அது. மறுநாளைக்குக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று, முதுகிலோ பிடரியிலோ பல கண்களோடு வரும் ராஜபிளவை என்ற சீழ்க்கட்டி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் பதிந்துபோன பழுப்புத் தழும்புகள் ஆகியவற்றையும் தோல் அடையாளங்கள் என்று சேர்த்துச் சொல்வதுண்டு. இவை பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே உயர்ந்துவிட்ட பிறகு வருபவை. முன்னெச்சரிக்கை என்று இவற்றைச் சொல்வது பொருந்தாது. ஆனால் நோய் இருப்பதே தெரியாமல் இருந்தவருக்கு இவைதான் முதல் தகவலாக அமைந்துவிடுகின்றன.

கழுத்துக் கருமை எல்லாமே இன்சுலின் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவரிங் நகையில் உள்ள நிக்கலால் வரும் ஒவ்வாமை, ஹேர் டை, நெடுநாள் அரிப்பினால் சொறிந்து தடித்த தோல் ஆகியவையும் கழுத்தைக் கறுக்கச் செய்யும். இவற்றில் அரிப்பு முன்னால் நிற்கும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் சில மருந்துகளும் அகாந்தோசிஸையே உண்டாக்கலாம். மெலிந்த உடலுடைய, நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குச் சில மாதங்களில் கருமை வேகமாகப் பரவினால், உதட்டிலும் வாயின் உட்புறத்திலும் வந்தால், உள்ளங்கை சொரசொரத்துத் தடித்தால், கூடவே எடை குறைந்து பசி மந்தப்பட்டால், அது சர்க்கரையின் கணக்கில் வராது. இரைப்பைப் புற்றுநோய் உள்ளிட்ட உள்ளுறுப்புப் புற்றுநோய்களைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை அது. அரிது என்றாலும் தவறவிடக் கூடாதது.

வழக்கமான வகைக்கு என்ன செய்வது? சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர விரைவு நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் அது 39.3 விழுக்காடு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. உடல் எடை பெரிதாகக் குறையாதபோதும் இந்தப் பயன் கிடைத்தது என்பது, தராசின் முள் நகரவில்லையே என்று நடையை விட்டுவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. கருமையும் இதே வழியில்தான் குறைகிறது, ஆனால் மெதுவாக. முதலில் தடிப்பு இறங்கி வெல்வெட் தன்மை போகும். நிறம் வெளுப்பதற்கு மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு முழுவதும் போவதில்லை. ரெட்டினாய்டு, யூரியா கலந்த கிரீம்கள் தடிப்பைக் குறைக்க ஓரளவு உதவும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த நிறக் கிரீம்களை மட்டும் தொடவே கூடாது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகள் கொண்ட பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்த பிறகும் அந்த விற்பனை நின்றபாடில்லை. அவை தோலை மெலியச் செய்து, பூஞ்சைக்கு வழிவிட்டு, கழுத்தை இன்னொரு சிக்கலில் கொண்டுபோய் விடும். நெடுநாள் நிறையப் பூசினால் உடலுக்குள் சென்று சர்க்கரையையும் ஏற்றிவிடும்.